ஓட்டையை எடுத்துக்கொண்டு போனவர்

"இந்த வண்டிக்குக் கார்புரேட்டர் கிடைக்காதுங்கம்மா. கிடைக்கறது நம்மால வாங்க முடியற விலையில இல்லைங்க."

சடையப்பன் பையைக் கீழே போட்டார். கோயம்புத்தூர் போய்த் திரும்பியிருந்தார். முகமெல்லாம் பஸ் தூசி.

நாச்சியாரம்மா களத்தில் உட்கார்ந்து தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார். ஆனைகட்டிச் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கியிருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சடையப்பனைவிடப் பல வயது இளையவர். அதனால் சீடரை அண்ணா என்றே கூப்பிடுவார்.

சடையப்பன் வடக்கே போகும் லாரிகளில் காலத்தைக் கழித்தவர். ஒருமுறை வழி கேட்க மடத்து வாசலில் நின்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். சாப்பிட்டார். போகவில்லை.

மடத்துக்கு ஒரு தோட்டம். தோட்டத்துக்கு ஒரு பழைய பெட்ரோல் வண்டி. முன்பக்கம் ஜீப் மாதிரி, பின்பக்கம் லாரி மாதிரி இருக்கும். ஓடையில் இறங்கி, செங்குத்தான மேட்டில் ஏறி ரோட்டைப் பிடிக்க வேறெந்த வண்டிக்காரரும் ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களும் அதை நம்பித்தான் தக்காளி போட்டிருந்தார்கள்.

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் அதன் கார்புரேட்டர் விரிசல் விட்டு ஒழுகியது. வண்டியை ஓட்டும் சடையப்பனே ஒட்டுப் போட்டார். ஒட்டும் கரைந்தது. வண்டி நின்றுவிட்டது.

தக்காளி நிற்கவில்லை. பழுத்துக்கொண்டே இருந்தது.

"கடையில என்னன்னு கேட்டீங்கண்ணா?" என்றார் அம்மா.

வண்டியின் பேரைச் சொல்லி, அதன் ஒரிஜினல்தான் வேண்டுமென்று கேட்டதாகச் சொன்னார் சடையப்பன். பல கடைகளில் சிரித்தார்களாம். ஒரு கடையில் இருந்ததாம். வண்டியையே விற்றாலும் அந்த விலைக்குப் பத்தாதாம். வேறெதையோ மாட்டிப் பாருங்கள் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்ததற்கு, கண்டதைப் போட இது என்ன குப்பைத் தொட்டியா என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

அம்மா எழுந்து வண்டியிடம் போனார். கார்புரேட்டரைக் கழற்றிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங் அட்டையை நகத்தால் மெல்லப் பெயர்த்தெடுத்தார். நடுவில் பெரிய வட்டம். இருபக்கமும் போல்ட் நுழையச் சின்னத் துளைகள்.

அதைச் சடையப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு வண்டி பேரைச் சொல்லாதீங்க. இந்த ஓட்டையை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"வெறும் ஓட்டையை வெச்சுக்கிட்டு என்னன்னு கேக்கறதுங்கம்மா?"

அம்மா தக்காளிக்குத் திரும்பிவிட்டார்.

சடையப்பனுக்குக் கோபம்தான் வந்தது. போவதில்லை என்று படுத்தார். ஆனால் விடிந்ததும், பக்கத்துக் காட்டு வள்ளாத்தாள் கனிந்து உடைந்த தக்காளியைக் கூடையோடு மாட்டுக்குக் கொட்டுவதைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் ஜுலைகா என்பவரின் பழைய இரும்புக் கடை. எந்த வண்டிக்கு என்று அவர் கேட்டார். சடையப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அட்டையை நீட்டினார்.

ஜுலைகா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய கார்புரேட்டர் குவியலைக் கைகாட்டினார்.

சடையப்பன் குவியலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து அட்டையை வைத்துப் பார்த்தார். ஒன்று பெரிது. ஒன்று சிறிது. ஒன்றில் வட்டம் சேர்ந்தது, போல்ட் விலகியது. சாப்பாட்டு நேரம் போனது. வேட்டி கறுத்தது. எந்த வண்டியுடையது என்று பார்ப்பதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு ஒன்று வந்தது. அட்டை அதன்மேல் அசையாமல் உட்கார்ந்தது. லீவரை அழுத்தினார். உள்ளே தகடு திறந்தது. வட்டத்துக்குள் வானம் தெரிந்தது.

இது எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டார்.

"வண்டியா? ராட்டினம் சுத்துன எஞ்சின்ல இருந்ததுங்க. தேர்த் திருவிழாக் கடையில போடுவாங்களே, அந்த ராட்டினம். அவங்க கரண்டுக்கு மாறிட்டாங்க."

தராசில் வைத்தார் ஜுலைகா. இரும்புக்கடை விலைதான். எடைக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார் சடையப்பன்.

ராட்டினத்துக்கு ஏற்றபடி லீவர் எதிர்ப்பக்கம் பார்த்தது. சைக்கிள் பிரேக் கம்பியைச் சுற்றிவிட்டு ஆக்சிலேட்டரோடு இழுத்துக் கட்டினார். உள்ளே பெட்ரோல் பீய்ச்சும் ஊசித் துளையான ஜெட்டை ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். சாவியைத் திருகியதும் வண்டி இருமியது. மறுபடி இருமியது. பிறகு மடத்துச் சுவர் அதிர உறுமியது.

எல்லாக் காட்டுத் தக்காளியும் ஏறியது. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தார். காட்டுக்காரர்கள் தள்ளுவதற்காகப் பின்னாலேயே வந்தார்கள்.

ஓடையில் இறங்கிய வண்டி மேட்டை முட்டி ஏறியது. நிற்கவில்லை. மூச்சு வாங்கவுமில்லை. தள்ள வந்தவர்கள் அதை எட்டிப் பிடிக்க ஓடினார்கள். முடியாமல் பாதி மேட்டிலேயே நின்று சிரித்தார்கள். வள்ளாத்தாள் முந்தானையைத் தலைக்கு மேல் சுழற்றினாள்.

ரோட்டில் ஏறியதும் சடையப்பன் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் கேட்டார்.

"பிரமாதமா இழுக்குதுங்கம்மா. ஆனா என்ன இருந்தாலும், இது இந்த வண்டிச் சாமான் இல்லீங்களே."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எந்த மடத்துச் சாமானுங்கண்ணா?"

சடையப்பன் ஹாரனை அழுத்தினார். பாதி மேட்டில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, கையை எடுக்காமல் அழுத்தினார்.