கோயில்பிள்ளை சாரின் மீன்

கோயில்பிள்ளை சாருக்குப் பெயர் வாங்கித் தந்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் பொட்டுகள். பதினெட்டு வருஷத்துக்கு முன் தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு பவளப்பாறை இடுக்கில் அதைக் கண்டார். துடுப்பு முள்களை எண்ணி, நிறத்தைக் குறித்து, இதுவரை யாரும் அறியாத புது இனம் என்று எழுதினார். உலகமும் ஒத்துக்கொண்டது.

அதை முதன்முதலாகத் தொட்டியில் உயிரோடு வளர்த்தவள் அவருடைய மாணவி ரெக்சலின். வளர்த்ததுதான் வினையாகப் போயிற்று. ஐந்தாம் மாதம் பொட்டுகள் மங்கின. ஏழாம் மாதம் உடம்பு முழுக்கப் பச்சை. பார்த்தால், ஏலக்கூடத்தில் தினமும் வந்து விழுகிற சாதாரணக் கிளிமீன்! சார் புது இனம் என்று எழுதியது கிளிமீனின் குஞ்சை.

இதைக் கட்டுரையாக எழுதினால் சாரின் மீன் இனப் பட்டியலிலிருந்தே போய்விடும். எழுதாவிட்டால் பொய். மூன்று வாரமாக ரெக்சலினுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் அவர் மேஜை முன் போய் நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம்.”

“கேளும்மா.”

“பேரு வச்ச மீனு தப்பாப் போச்சுன்னா, வச்சவங்க என்ன செய்யணும்?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த மீனு?”

அவள் தொட்டி இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

சார் தொட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். மீனின் வால் ஓரத்தில் இன்னும் அழியாத ஒரே ஒரு ஆரஞ்சுப் பொட்டு இருந்தது.

“முள்ளு எண்ணுனியா?”

“நாலு தடவ எண்ணுனேன் சார். உங்க மீனுக்கும் கிளிமீனுக்கும் ஒரே கணக்குதான்.”

சார் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். அவரிடம் பணத்தைக் கொடுத்து, “பேக்கரில ஒரு கிலோ மக்ரூன் வாங்கிட்டு வாங்க, எல்லாருக்கும்” என்றார்.

பிறகு அலமாரியைத் திறந்து, அன்று பிடித்த மீனைப் பதப்படுத்தி வைத்திருந்த பதினெட்டு வருஷத்துப் புட்டியை எடுத்தார். உள்ளே இருக்கும் பழைய பெயர்ச் சீட்டைக் கிழிப்பது ஆராய்ச்சியில் வழக்கமில்லை. புதுச் சீட்டைக் கூடவே போடவேண்டும். சார் கிளிமீனின் பெயரைப் பென்சிலால் எழுதினார். கண்டறிந்தவர் என்ற இடத்தில் ரெக்சலின் என்று எழுதி, உள்ளே போட்டு மூடினார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “உங்க மீனு இல்லாமப் போச்சே சார்!”

“எங்க போச்சு? அந்தா நீந்துது பாரு. பிள்ள வளந்துட்டுன்னு எவனாவது அழுவானா?”