ராஜாவின் தலையில் எறும்பு

ஏழு கடலெல்லாம் தாண்ட வேண்டாம், ஏழு ஆறு தாண்டினால் போதும். ஐப்பசி பிறந்தால் வெயிலே மறந்துபோகும் ஒரு சீமை அங்கே இருந்தது. மாவடிக்கோட்டை என்று பெயர். அதை வீரமல்லர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல ராஜாதான், வாய் ருசிதான் கொஞ்சம் கூட. வயிறு பெருத்துக்கொண்டே போகிறதென்று ராணி கோமளவல்லி அவருக்குப் பத்தியம் போட்டிருந்தாள். இனிப்பைத் தொட மாட்டேன் என்று ராஜாவும் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவுக்குப் போகும் தட்டில் முதல் பிடியைச் சமையல்காரர் நாகப்பர் எல்லார் கண்ணெதிரிலும் தின்று காட்ட வேண்டும். இருபது வருஷமாகத் தின்று காட்டியதில் நாகப்பருக்கும் ஒரு குட்டி ராஜதொப்பை விழுந்திருந்தது.

தீபாவளி கழிந்து ஏழாம் நாள். முந்தின நாள் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்த ராஜா, வெளிறிய முகத்தோடு சபைக்கு வந்தார். வந்ததும் நாகப்பரைக் கட்டி இழுத்துவரச் சொன்னார். சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டான், நாளைக் காலையில் தலையை எடுங்கள் என்றார்.

நாகப்பர் காலில் விழுந்தார். அனுப்பிய கஞ்சியிலும் துவையலிலும் முதல் பிடியைத் தானே தின்றதைச் சொன்னார், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கெஞ்சினார். நீ மாற்று மருந்து குடித்திருப்பாய் என்று ராஜா ஒரே போடாகப் போட்டார்.

தணிகாசல வைத்தியரும் கேட்டுப் பார்த்தார். வேறு ஏதாவது வாயில் போட்டீர்களா, தெரிந்தால்தானே வைத்தியம் சொல்லலாம் என்றார்.

"கஞ்சி. துவையல். அவ்வளவுதான்," என்றார் ராஜா. சொல்லும்போதே ராணி உட்கார்ந்திருந்த திரைப்பக்கம் கண் ஓடித் திரும்பியது.

சபையில் ஓலை படிப்பவர் அம்பலவாணன். எப்பேர்ப்பட்ட சிக்கலுக்கும் வழி வைத்திருப்பவர். நாகப்பர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரோ ராஜாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பரும் நிமிர்ந்து பார்த்தார். பட்டுத் தலைப்பாகையின் மடிப்பில் எறும்பு ஊர்ந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஒரு வரிசையே.

அம்பலவாணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் வந்தார்.

"மகாராஜா, இவர் தலை நாளைக்குத்தானே? அதுவரை நான் இருப்பேனோ என்னவோ. வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்."

ராஜா கையசைத்தார்.

"வைத்தியரே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தீபாவளி அதிரசம் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். நேற்று விடியற்காலை, மழை இருட்டு. விளக்கேற்றினால் வீட்டுக்காரி பார்த்துவிடுவாளே என்று அப்படியே வாயில் போட்டேன். மண் வாசனை அடித்தது. விடிந்து பார்த்தால் கையெல்லாம் பச்சைப் பொடி. பூசணம். நான் பிழைப்பேனா?"

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

வைத்தியர் நாடி பார்த்தார். நாடி ஜம்மென்று ஓடியது. இந்த ஆள் எதற்கோ நடிக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனால் நல்ல தேகக்காரருக்குப் பெரும்பாலும் வயிற்றைப் புரட்டும், நாலு தடவை வெளியே போகும், அதோடு சரி. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்தால் போதும். மூச்சு இழுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பேதி நிற்காவிட்டாலோ உடனே ஆள் அனுப்ப வேண்டும். மிச்சம் இருந்தால் மேலே சுரண்டிவிட்டுத் தின்னக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஓடியிருக்கும்.

"அப்போ சாக மாட்டேன்?"

"ஒரு அதிரசத்துக்கா? போங்காணும்."

அம்பலவாணன் பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

"இரும் வைத்தியரே," என்றார் ராஜா. "ஒன்று தின்றவனுக்குச் சரி. மூன்று தின்றிருந்தால்?"

திரைக்குப் பின்னால் வளையல் ஒரு தரம் குலுங்கி நின்றது.

தீபாவளியன்று விருந்தாளிகளுக்குப் போன தட்டிலிருந்து மூன்று அதிரசம் குறைந்த கதை நாகப்பருக்கு அப்போதுதான் விளங்கியது. போன இடமும் விளங்கியது. தலைப்பாகைப் பெட்டி.

ராஜாவின் முகம் சிவந்து கறுத்தது. அம்பலவாணன் குனிந்து கும்பிட்டார்.

"மகாராஜா கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் தின்றது மூன்றுதான். சபைக்கு முன்னால் கூச்சப்பட்டு ஒன்று என்று சொன்னேன்."

ராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது, பிறகு தொப்பை குலுங்கியது. சிரித்த சிரிப்பில் தலைப்பாகையிலிருந்து நாலு எறும்பு உதிர்ந்தது. நாகப்பரை அவிழ்த்துவிடச் சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட வந்தார்.

"அவருக்குப் போடுங்கள், மகாராஜா. தப்பித்த கழுத்து அதுதான்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் வந்தது. "மூன்று தின்ற அம்பலவாணருக்கு மூன்று நாள் உப்புக்கஞ்சி. பாவம், தனியாகக் குடிக்க மாட்டார். மகாராஜாவும் துணைக்குக் குடிப்பார்."

நாகப்பர் முத்துமாலையோடு போய், தலைப்பாகைப் பெட்டியை எடுத்துவந்தார். அடுப்படிச் சூட்டில் காய வைக்க வேண்டுமாம். வாசற்படியில் நின்று, ராஜாவைப் பார்க்காமல், அம்பலவாணனிடம் சொல்வதுபோல் பணிவாகச் சொன்னார்.

"ஐயா, அடுத்த தடவை ஒளித்து வைக்கும்போது சூடு ஆறினப்புறம் மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும்."

சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே எறும்புகளும் வரிசையாகப் போயின.