தோளுக்கினியானில் எழுந்தருளிய பரிசுக் கட்டணம்

அறிவைப் பங்கிட்டு வழங்கிய நாளில் எல்லா உயிர்களும் கைநீட்டி வாங்கிக்கொண்டன. நெடுந்தாழைப் பெருமாள் கோயிலில் பல்லக்குச் சுமக்கும் நால்வருக்கு மட்டும் அன்று இரு கைகளும் தண்டின்மேல் இருந்தன. கைங்கரியத்தை நடுவில் விடுவது அபசாரம் என்று கருதி அவர்கள் கையை எடுக்கவில்லை. ஆகவே பக்தியில் ஒரு குறையும் இல்லாமலும், அறிவில் ஒரு தொந்தரவும் இல்லாமலும் அவர்கள் வாழ்ந்து வந்தார்கள்.

முன்தண்டில் திருவேங்கடமும் ஆராவமுதனும். பின்தண்டில் மணவாளனும் கஸ்தூரியும். முன்னால் போகிற இருவரின் முதுகைத் தவிர உலகில் வேறெதையும் பார்த்தறியாத பின்தண்டுக்காரர்கள், முன்னவர்கள் எதைச் சொன்னாலும் ஆமோதிப்பார்கள். முன்னவர்களோ, பின்னால் இருவர் ஆமோதிப்பதனால் தாங்கள் சொல்வது சரி என்று நம்புவார்கள்.

அவர்களுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பெருமாள் வீதியுலா வரும், தோளுக்கினியான் என்னும் சிறிய பல்லக்கின் தண்டு விரிசல் கண்டிருந்தது. வைகாசி உற்சவத்திற்குப் பத்தே நாள். "புதுத் தண்டு வராவிட்டால் சுவாமியை டிராக்டரில் எழுந்தருளப் பண்ணிவிடுவோம்" என்று அறங்காவலர் சொல்லிவிட்டார். நால்வரும் வீடு வீடாகச் சென்று பதினெட்டாயிரம் ரூபாய் சேர்த்து ஒரு பித்தளைச் செம்பில் வைத்திருந்தார்கள்.

அந்த வேளையில்தான் நால்வருக்கும் பொதுவான பட்டன் போன் ஒலித்தது.

"வாழ்த்துக்கள் சார்! மெகா லக்கி டிராவில் உங்க நம்பருக்கு இருபத்தஞ்சு லட்சம் ரூபாய் கார் விழுந்திருக்கு! நான் பரிசு அதிகாரி விக்ரம் பேசறேன்."

திருவேங்கடம் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஆராவமுதா, நாம லாட்டரிச் சீட்டு ஏதாவது வாங்கினோமா?"

"நம்ம வம்சத்துலயே யாரும் வாங்கினதில்லையே அண்ணே."

"அப்போ எப்படி விழும்? இதுல என்னமோ இருக்கு."

நால்வரும் ஆழ்ந்து சிந்தித்தார்கள். உண்மை அவர்களுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஆராவமுதன் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"அண்ணே, சீட்டு வாங்கினவனுக்கு விழுந்தா அது வியாபாரம். வாங்காதவனுக்கு விழுந்தா அது காரணம் கருதாத கருணை."

"ஆமாம், கருணை" என்றார்கள் மணவாளனும் கஸ்தூரியும்.

விக்ரம் தொடர்ந்தார். காரை அனுப்புவதற்கு முன் இருபதாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டுமாம்.

"ஐயா, எங்ககிட்ட பதினெட்டாயிரம்தான் இருக்கு."

"அப்படியா சார்? ஒரு நிமிஷம், லிஸ்ட்ல பாத்துடறேன்… ஆமா சார், உங்க ஊருக்குப் பதினெட்டாயிரம்தான்."

திருவேங்கடத்திற்கு மயிர்க்கூச்செறிந்தது. "நம்ம செம்புல எவ்வளவு இருக்கோ அதையே கேக்கறாருடா! உள்ளிருந்து அறியறவர்!"

"ஆனா அது பெருமாள் தண்டுக்கான பணமாச்சே?" என்றார் ஆராவமுதன்.

"இருபத்தஞ்சு லட்சத்துல எத்தனை தண்டு வாங்கலாம், கணக்குப் போடு."

நால்வருக்கும் கணக்கு வராது. ஆகவே எண்ணிலடங்காத தண்டுகள் வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

விக்ரம் மூன்று கட்டளைகள் இட்டார். பத்தே நிமிடத்தில் வங்கிக்குப் போக வேண்டும். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் கட்டும்வரை போனைத் துண்டிக்கவே கூடாது.

"உத்தரவு" என்றார் திருவேங்கடம்.

வங்கி நாலு வீதி தள்ளி இருந்தது. நடந்தால் ஏழு நிமிடம். ஆனால் புறப்படும்போது கஸ்தூரி, தம் ஆயுளில் முதல்முறையாக, ஓர் ஐயத்தை எழுப்பினார்.

"பெருமாள் பணத்தை அக்குள்ள இடுக்கிக்கிட்டுப் போறது தகுமா?"

மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தோளுக்கினியானை இறக்கினார்கள். பட்டு விரித்துச் செம்பை எழுந்தருளப் பண்ணினார்கள். பணத்துக்கு எடை குறைவாதலால் விரிசல் தண்டே தாங்கும். துண்டிக்கக் கூடாத போனையும் செம்பின் அருகில், ஒலியைப் பெரிதாக வைத்து அமர்த்தினார்கள். யாருக்கும் தெரியக் கூடாதல்லவா? ஆகவே முன்புறம் திரையை இழுத்து மூடினார்கள். திரை மூடிய பல்லக்கு வாத்தியமில்லாமல் போனால் ஊரில் சந்தேகம் வரும் என்பதனால் நாகஸ்வரமும் தவிலும் அமர்த்திக்கொண்டார்கள்.

"சார், கிளம்பிட்டீங்களா?" என்றது பல்லக்கு.

"கிளம்பியாச்சு சாமி. முதல் மண்டகப்படிக்கு வந்துட்டோம்."

"அது எந்த பஸ் ஸ்டாப்?"

பல்லக்கு வீதிக்கு வந்தால் இன்னின்ன வாசல்களில் நின்று உபசாரம் பெற வேண்டும், அதுவே மண்டகப்படி. கிழக்கு வீதியில் மட்டும் ஒன்பது உண்டு. ஒவ்வொன்றிலும் தேங்காய், கற்பூரம், ஒரு கீர்த்தனை. வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவந்து கேட்டார்கள்:

"உற்சவத்துக்கு இன்னும் நாள் இருக்கே? உள்ளே யார் எழுந்தருளியிருக்கா?"

"சொல்லக் கூடாது" என்றார் திருவேங்கடம்.

"எதுக்குப் புறப்பாடு?"

"அதையும் சொல்லக் கூடாது."

இவ்வளவு மறைபொருளான புறப்பாட்டை நெடுந்தாழை கண்டதில்லை. கூட்டம் இரட்டித்தது. நாலாவது மண்டகப்படியில் தவில் சற்றே ஓய்ந்த கணத்தில், திரைக்குள்ளிருந்து ஒரு குரல் இடிபோல முழங்கிற்று:

"எவ்வளவு நேரம்யா காத்திருக்கறது? சீக்கிரம் பணத்தைக் கொண்டு வாங்க!"

வீதி முழுவதும் தலைக்குமேல் கை கூப்பிற்று. பிறகு ஓர் அம்மையார், "நான் வேண்டிக்கிட்டு மறந்துபோன காசைக் கேக்கறார்!" என்று கதறிக்கொண்டு உள்ளே ஓடி, ஐந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து திரைக்கடியில் வைத்தார். அதன்பின் நெடுந்தாழையில் வேண்டிக்கொண்டு மறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வெளியாயிற்று.

விக்ரம் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். பிறகு தமக்குத் தாய்மொழியான ஏதோ ஒரு மொழியில் நெடுநேரம் வேகமாகப் பேசினார். ஒரு சொல்லும் புரியாததனால், அது மிகவும் உயர்ந்த விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நால்வரும் கண்மூடிக் கேட்டார்கள்.

"சாமி, உங்க நட்சத்திரம் சொன்னா ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்" என்றார் ஆராவமுதன் திரைக்குள் குனிந்து.

"யோவ், நான் வைக்கிறேன்யா!"

"வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்ன சொல்லை நீங்களே மீறலாமா?"

விக்ரம் துண்டித்தார். நால்வரும் பதறிப்போய் அவரையே திரும்ப அழைத்தார்கள். அவர் மறுபடி துண்டித்தார். மறுபடி அழைத்தார்கள். பதினோராவது முறையில் அவர் எடுத்தபோது நாகஸ்வரக்காரர் சரியாகப் புறப்பாட்டு மல்லாரியை வாசிக்கத் தொடங்கினார்.

பல்லக்கு வங்கி வாசலை அடைந்தபோது மாலை ஐந்தரை. கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்த மேலாளர் சுகந்தி அம்மாள், தம்மை நோக்கி வாத்தியத்தோடு வரும் பல்லக்கைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விவரம் கேட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, இது மோசடி. நீங்க சீட்டே வாங்கலை. அவன் கார் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டப் பணம் கேக்கறான். ரகசியமா இருக்கச் சொல்றான், அவசரப்படுத்தறான். பரிசு கொடுக்கறவன் இப்படியெல்லாம் பண்ணுவானா?"

"நாங்களும் இதையெல்லாம் கவனிச்சோம்மா" என்றார் திருவேங்கடம் பணிவோடு. "ஒண்ணுகூட விடலை."

"அப்புறம் ஏன்யா வந்தீங்க?"

அதற்குள் பல்லக்கிலிருந்து ஒரு மெலிந்த குரல் வந்தது. "சாமிகளா… உங்க பணம் எனக்கு வேண்டாம். ஒரு பைசா வேண்டாம். காலைல இருந்து வேற ஒருத்தர்கிட்டயும் பேச முடியலை. காதுக்குள்ள தவில் அடிக்குது. என்னை விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." குரல் ஓய்ந்தது. அதன்பின் அந்த எண் உயிர்பெறவே இல்லை.

சுகந்தி அம்மாள் பெருமூச்சு விட்டார். "தப்பிச்சீங்க. நேரா போய்த் தண்டை வாங்குங்க. கார், கீர்னு இனிமே யார் பேசினாலும் நம்பாதீங்க."

நால்வரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"என்ன சொன்னார் கவனிச்சியா ஆராவமுதா?"

"ஒரு பைசா வேண்டாம்னார் அண்ணே. கட்டணத்தையே தள்ளுபடி பண்ணிட்டார்."

"ஆமாம், தள்ளுபடி" என்றார்கள் பின்தண்டுக்காரர்கள், கண் கலங்க.

செம்பைத் திறந்து, திரைக்கடியில் சேர்ந்த காணிக்கையையும் சேர்த்தபோது பதினெட்டாயிரம் முப்பத்தோராயிரமாகப் பெருகியிருந்தது. அன்றே மூங்கில் கடைக்குப் போய்த் தண்டு வாங்கினார்கள்.

வைகாசி உற்சவத்தில் டிராக்டர் வரவில்லை. பெருமாள் தம் அடியார்களின் தோளிலேயே, புத்தம்புதுத் தண்டில் புறப்பட்டார். ஒன்று மட்டும் சற்று விசித்திரமாக இருந்தது. முன்தண்டுக்காரர்கள் கிழக்கு வீதியில் பாதி தூரம் போன பிறகும் பெருமாள் வீதியின் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

சேவிக்க வந்த சுகந்தி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருவேங்கடத்திடம் ஓடினார்.

"எதுக்குங்க இவ்வளவு நீளத் தண்டு?"

"பெருமாளுக்கு இதுல பாதி போதும்மா. மீதி காருக்கு."

"காருக்கா? ஐயோ, நான்தான் அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! அந்தக் கார் வராதுய்யா!"

திருவேங்கடம் தோள் மாற்றிக்கொண்டு, சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல் பரிவாகச் சொன்னார்:

"வராதுன்னு எங்களுக்கும் தெரியும்மா. அதுவா வர்றதா இருந்தா, தூக்கிட்டு வர நாங்க ஏன் தண்டு வாங்கப் போறோம்?"