சூரியனைச் சுமந்த ஆமைக்கு வழி காட்டியது யார்?

மருதங்குளத்துக் கரையில் ஒரு மரங்கொத்தி பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். பெயர் கொண்டை டீச்சர். மருத மரத்தை "டொக் டொக் டொக்" என்று கொத்தினால் மணி அடித்தாயிற்று என்று அர்த்தம். காட்டுக் குட்டிகள் எல்லாம் ஓடி வந்து, குளத்தோரத்து ஈர மண்ணில் நகத்தால் எழுதிப் படிக்கும்.

டீச்சருக்குத் தன் பிள்ளைகள் என்றால் ஒரே பெருமை! காட்டின் பழங்கதைகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளப்பார்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தார் காட்டுச் சபையின் கரடித் தலைவர்.

"ஒப்பிக்கிறதுக்கு எதுக்கு டீச்சரம்மா பள்ளிக்கூடம்? அதை நம்ம கிளியே செய்யுமே! வெள்ளிக்கிழமை சபையோட வருவேன். உங்க பிள்ளைங்க சொந்தமா ஒரு கதை சொல்லணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்தை மூடிடுங்க. இந்த மர நிழல் என் மத்தியானத் தூக்கத்துக்கு ஆகும்!"

டீச்சர் உடனே மரத்தைக் கொத்தி மணி அடித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஆளுக்கொரு புதுக்கதை எழுதுங்க, பார்க்கலாம்!" என்றார்.

பிள்ளைகள் மண்ணைப் பார்த்து முழித்தன. மத்தளம் என்ற தவளைக்குட்டி மட்டும் "நான் ஒரு தவளை" என்று எழுதியது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவ்வளவுதான் டீச்சர்!" என்றது.

போச்சுடா! டீச்சர் தலையில் சிறகை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, குட்டிகளின் முகமாவது தெளியட்டும் என்று, காடே அறிந்த ஒரு பழைய கதையை எடுத்துவிட்டார்.

"ஒரு நாள் சூரியன் கால் தவறி நம்ம குளத்துல விழுந்துடுச்சு. உடம்பெல்லாம் சேறு அப்பிக்கிச்சு. உலகமே கும்மிருட்டு! அப்போ ஒரு ஆமை சூரியனை முதுகுல தூக்கிக்கிட்டு மலை உச்சிக்குப் போய் வானத்துல விட்டுச்சு. அந்தச் சூட்டுலதான் ஆமை ஓடு கட்டம் கட்டமா வெடிச்சுது!"

"டீச்சர்!" கடைசி வரிசையில் இருந்து ஒரு கீச்சுக் குரல். மின்னி என்ற மூஞ்சூறு. "கும்மிருட்டுன்னா ஆமைக்கு மலைக்குப் போற வழி எப்படித் தெரிஞ்சுது?"

"அதிகப்பிரசங்கி! பெரியவங்க சொன்ன கதையில கேள்வி கேட்கிறதா?" டீச்சர் கோபத்தில் மரத்தைப் படாரென்று கொத்தினார்.

கொத்திய அலகு அப்படியே நின்றது. அட, ஆமாம்! வழி எப்படித் தெரிந்தது? இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறோமே, ஒரு நாளாவது நமக்குத் தோன்றியதா? இந்தப் பொடிசுக்குத் தோன்றியிருக்கிறதே!

"எனக்குத் தெரியலையே மின்னி," என்றார் தணிந்த குரலில். "நீயே எழுதிச் சொல்லேன்!"

உடனே மத்தளம் துள்ளியது. "டீச்சர், அந்தச் சூட்டுல குளத்துத் தவளை எல்லாம் வெந்திருக்குமே! எங்க தாத்தா எப்படித் தப்பிச்சார்? நான் எழுதட்டா?"

அவ்வளவுதான்! சாயங்காலத்துக்குள் குளத்தோரத்தில் கால் வைக்க இடமில்லை, அத்தனை எழுத்து!

வெள்ளிக்கிழமை வந்தது. கரடித் தலைவர் சபையோடு வந்து உட்கார்ந்தார். மின்னி நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து, "சூரியன் நம்ம குளத்துல விழுந்தப்போ..." என்று ஆரம்பித்தது.

"நிறுத்து!" என்று உறுமினார் கரடி. "இது எங்க தாத்தா சொன்ன கதை! மூடுங்க பள்ளிக்கூடத்தை!"

டீச்சர் பறந்து வந்து கரடியின் மூக்குக்கு நேரே நின்றார். "வாசல்தான் தாத்தாவோடது தலைவரே. உள்ளே வீட்டை என் பிள்ளை கட்டியிருக்கு. முழுசாக் கேட்டுட்டு மூடுங்க!"

மின்னிக்குத் தைரியம் வந்தது. "இருட்டுல ஆமைக்கு ஒண்ணும் தெரியலை. அப்போ ஒரு மூஞ்சூறு வந்துச்சு. அதுக்குப் பகல்லயே கண்ணு சரியாத் தெரியாது. இருட்டு அதை என்ன பண்ணும்? மலையை மோப்பம் பிடிச்சுக்கிட்டு 'கீச் கீச்'னு முன்னால போச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஆமை பின்னால நடந்துச்சு. உச்சியில மழை பெஞ்சு சேறு கரைஞ்சு, சூரியன் பளிச்சுனு மேல போச்சு! வெளிச்சத்துல எல்லாரும் ஆமையைத்தான் பார்த்தாங்க. மூஞ்சூறு கூச்சப்பட்டுப் புதருக்குள்ள ஓடிடுச்சு. அதனாலதான் பழைய கதையில அதோட பேரே இல்லை!"

அப்புறம் பாருங்கள், காடே அதிர்கிற மாதிரி ஆரவாரம்! டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் பிள்ளை! என் பிள்ளை!" என்று பக்கத்தில் இருந்த மயிலை உலுக்கி எடுத்துவிட்டார்.

கரடித் தலைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ஏன் டீச்சரம்மா, அப்போ கரடி எங்கே இருந்துச்சு?"

"எனக்குத் தெரியலையே தலைவரே! நீங்களே எழுதிச் சொல்லுங்களேன்!"

மறுநாள் காலையில் "டொக் டொக் டொக்" என்றதும், முதல் ஆளாக வந்து ஈர மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர் கரடித் தலைவர்தான்.

பழங்கதையை ஒப்பிக்கச் சொல்லாமல் அதில் கேள்வி கேட்க விட்டால், பிள்ளைகள் தாமே புதுக்கதை படைப்பார்கள்.