நீர்க்காகம் பூசிக்கொண்ட எண்ணெய்

ஏரி நடுவே ஒரு பட்ட மரம். அதில் மையாள் என்ற இளம் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மீனுக்காக முழுகினால் போதும், சிறகு தொப்பலாக நனைந்துவிடும்.

"துணி காயப்போட்டாச்சு டோய்!" என்று கத்தியது சிலும்பி வாத்து. "எங்க மேல ஒரு சொட்டாவது ஒட்டுதா பாரு!"

வாத்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மையாளுக்கு அழுகை முட்டியது. அம்மாவிடம் போய்ச் சொன்னது.

"உங்க அண்ணனை யாராவது இப்படிச் சொல்றாங்களா? நீதான் தொட்டாற்சிணுங்கி!" என்றது அம்மா.

பாவம், அதற்குமேல் யாரிடம் போகும்? தனக்கும் நனையாத சிறகு வேண்டும் என்று சிலும்பியிடமே போய்க் கெஞ்சியது. வாத்துகளுக்கு வாலடியில் எண்ணெய் சுரக்கும். அதைத்தான் சிறகில் பூசிக்கொள்ளும். சிலும்பியும் பெரிய மனசு பண்ணி, மையாளின் உடம்பெல்லாம் தடவிவிட்டது.

ஆகா! தண்ணீர் ஒட்டவே இல்லை! மையாள் பூரித்துப்போனது.

ஆனால் முழுகினால் தக்கை மாதிரி மேலே வந்தது. கண்ணெதிரே கெண்டைகள் நழுவி ஓடின. நாலு நாளாக ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. பசி தாங்காமல் வாத்துகளோடு பாசியைக் கொத்தியது. தொண்டைக்குள் இறங்கவில்லை.

"பாசி தின்னக்கூடத் தெரியலையே!" என்று அதற்கும் சிரித்தது சிலும்பி.

மையாள் தள்ளாடிப் பட்ட மரத்தில் வந்து விழுந்தது. அம்மா பதறிப் பறந்து வந்தது.

"என்னடி இது, வயிறு இப்படி ஒட்டிக் கிடக்கு?"

மையாள் எல்லாவற்றையும் சொன்னது. அம்மா அதைத் தன் சிறகோடு அணைத்துக்கொண்டது.

"நீ அழுதுட்டு வந்த அன்னிக்கே என்னன்னு கேட்டிருக்கணும். அதை விட்டுட்டு அண்ணன் புராணம் பாடினேன். தப்பு என்னோடதுதான். சிறகு நனையறதாலதாண்டி நம்மால ஆழத்துக்குப் போக முடியுது!"

இரண்டும் கரைக்குப் போயின. அம்மா ஈரமண்ணைத் தேய்த்துத் தேய்த்து எண்ணெயைப் போக்கியது. மையாள் முழுகியது. கொழுத்த கெண்டையோடு எழுந்தது. விழுங்கிவிட்டு, நனைந்த சிறகோடு மரத்தில் ஏறியது.

"பழையபடி காயப்போட வந்தாச்சு!" என்று எதிர்க்கிளையில் வந்து உட்கார்ந்து கத்தியது சிலும்பி.

விரியத் தொடங்கிய மையாளின் சிறகு பாதியில் நின்றது. பக்கத்தில் அம்மா தன் ஈரச் சிறகை அகல விரித்தது. அதைப் பார்த்ததும் மையாளும் விரித்தது.

"ஆமா, காயப்போடறேன்! கொஞ்சம் தள்ளிக்க சிலும்பி, வெயிலை மறைக்கிறே!"

ஊர் சிரிப்புக்குப் பயந்து தன்னை மாற்றிக்கொண்டால் சிரிப்பு அடுத்த குறையைத் தேடும். வீட்டில் ஒருவர் துணை நின்றால், பிள்ளை தன்னைத் தானே மதிக்கக் கற்றுக்கொள்ளும்.