கறிவேப்பிலைக்குச் சொன்ன ஆறுதல்

தவசிக்கண்ணு, அவன் மச்சான் கொம்பையா, தவசிக்கண்ணுவுக்குத் தம்பி முறையான ஒச்சப்பன், இந்த மூவரும் நியூசிலாந்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் அல்ல. உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் எதுவரைக்கும் என்று கேட்டார்கள். கண்ணாடி போட்டிருந்த காரணத்தால் தலைவனாகியிருந்த தவசிக்கண்ணு, கடைசி ஸ்டாப் வரைக்கும் என்றான். கொடுத்துவிட்டார்கள்.

இறங்கியதும் பசித்தது. கோயிலில் சாப்பாடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு முருகன் கோயிலுக்குப் போனார்கள். அங்கேதான் ஞானாம்பிகை அக்காவைப் பார்த்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஆக்லாந்தில் மலையோரமாக வெகுகாலம் குடியிருப்பவர். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவு முழுக்கக் காட்டு இஞ்சி. எங்கிருந்தோ வந்து, அந்த நாட்டு மரம் எதையும் முளைக்கவிடாமல் அமுக்குகிற செடி. வெள்ளிக்கிழமை மாநகராட்சி அதிகாரி வருவதற்குள் அதை ஒழிக்காவிட்டால் அவர்களே வந்து மருந்தடித்துவிடுவார்கள். மருந்து காற்றில் வந்தால், சுவரோரம் அக்கா பிள்ளை மாதிரி வளர்த்த கறிவேப்பிலை மரம் கருகிப்போகும். அவருடைய கவலையெல்லாம் அதுதான்.

தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறேன், புடுங்கித் தாருங்கள் என்று கேட்டார். மூவரும் சம்மதித்தார்கள். கறிவேப்பிலை விஷயத்தை மட்டும் அக்கா சொல்லவில்லை. அதையெல்லாமா மனிதருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சொன்னது இது:

"தம்பிமார், புடுங்க முதல் வடிவாய்ப் பாருங்கோ. இந்த நாட்டு மரத்தில கை வையாதேங்கோ. வெளியில இருந்து வந்தது ஒண்டும் நிக்கப்படாது. அவசரமில்லை, ஆறுதலாய்ப் புடுங்குங்கோ."

வடிவாய் என்று அக்கா சொன்னது நன்றாக என்ற பொருளில். மூவருக்கும் தெரிந்தது வடிவு என்றால் அழகு என்பதுதான். அழகாகப் பார்க்கச் சொல்கிறார். மூவரும் குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து காட்டு இஞ்சியைப் பார்த்தார்கள். அதற்கே வெயில் ஏறிவிட்டது.

அடுத்து ஆறுதல். அக்காவின் ஊர்ப் பேச்சில் ஆறுதலாய் என்றால் நிதானமாய் என்று பொருள். இதை மூவருக்கும் சொல்ல அங்கே ஆள் இல்லை.

"எந்த மாதிரி ஆறுதல் மாப்ள?" என்று கொம்பையா கேட்டான். "எழவு வீட்டுல சொல்றதா, பரீட்சையில பெயிலானவனுக்குச் சொல்றதா?"

தவசிக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசித்தான். பெயிலானவன் மறுபடியும் எழுதலாம். இந்தச் செடிக்கு அப்படி வழியில்லை. ஆகவே எழவு வீட்டு ஆறுதல்தான் என்று தீர்ப்புச் சொன்னான்.

ஒச்சப்பன் முதல் செடியின் பக்கத்தில் குந்தினான். யார் கையில என்ன இருக்கு, மனசைத் தேத்திக்கிடுங்க என்று சொல்லி, தண்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டுப் புடுங்கினான். நாலைந்து செடி போவதற்குள் அவனே அழ ஆரம்பித்துவிட்டான். அவன் அழுததைப் பார்த்துக் கொம்பையா அழுதான். தலைவன் அழக் கூடாது என்று தவசிக்கண்ணு திரும்பி நின்று அழுதான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டிய மூன்று பேர் தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

இதில் ஒரு நன்மை. செடிக்குச் செடி ஆறுதல் சொன்னதால் கை தானாகவே நிதானப்பட்டது. ஒரு கிழங்கு, ஒரு துண்டு வேர் மண்ணில் மிஞ்சவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சரிவு மொட்டையாகக் கிடந்தது. அக்கா வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைக்கையில் தவசிக்கண்ணுவுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போதுதான் அவன் கண்ணில் சுவரோரத்துக் கறிவேப்பிலை பட்டது.

"இது நம்ம ஊரு ஆளுல்லா" என்றான்.

மூவரும் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் ஆலோசித்தார்கள். நம்ம ஊர் என்றால் வெளியூர்தானே என்றான் கொம்பையா. ஒச்சப்பனுக்கு மனம் வரவில்லை. மரம் இங்கேயே பிறந்து வளர்ந்ததாக இருக்கலாம், குடியுரிமைகூட இருக்கலாம் என்றான். தவசிக்கண்ணு எழுந்து போய் மரத்திடமே கேட்டான். தண்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"குடியுரிமை இருந்தா சொல்லியிருக்கும்" என்றான் அவன். "சொந்த ஊருக்காரன்னு சலுகை காட்டினா, அக்கா போட்ட சோத்துக்குத் துரோகம்."

சொந்த ஊர் என்பதால் ஆறுதல் மட்டும் கூடுதலாகச் சொன்னார்கள். பிறகு மூவருமாகச் சேர்ந்து வேரோடு தூக்கினார்கள்.

சாயங்காலம் வந்த ஞானாம்பிகை அக்கா சரிவைப் பார்க்கவில்லை. படுத்துக் கிடந்த மரத்தைத்தான் பார்த்தார். பையைக் கீழே போட்டுவிட்டு, மண்ணிலேயே உட்கார்ந்து அதன் இலைகளைத் தடவினார். திட்டவில்லை. தவசிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"புடுங்கின குழியிலயே நடுங்கோ" என்றார் கடைசியில். "இது துளிர்க்குமட்டும் ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு அசையப்படாது."

நட்டார்கள். பக்கத்திலேயே நின்றார்கள். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மாள் வந்தார். சரிவைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாகப் புடுங்கி நான் பார்த்ததே இல்லை, மருந்து தேவையில்லை என்றார். சுவரோரம் விறைப்பாக நின்ற மூவரையும் கைகாட்டி, அவர்கள் யார் என்று விசாரித்தார். தோட்டக்காரர்கள் என்று அக்கா சொன்னார். இவ்வளவு வேலை செய்தவர்களை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அக்காவுக்கும் மனம் இளகிவிட்டது. கோபத்தில சொன்னனான், உள்ளுக்கு வாங்கோ என்று கூப்பிட்டார். மரம் இன்னும் துளிர்க்கவில்லையே என்று தவசிக்கண்ணு பணிவாக மறுத்துவிட்டான். வேறு வழியில்லாமல் அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்து, மூவருக்கும் புட்டை உருட்டி வாயில் ஊட்டிவிட்டுப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. ஈரமண் கணுக்காலை மூடியது.

"மாப்ள" என்றான் கொம்பையா, உதடு மட்டும் அசைய, "உள்ளங்காலு நமநமங்குது."

தவசிக்கண்ணுவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒச்சப்பனுக்கும் அப்படித்தானாம். தவசிக்கண்ணு நன்றாக யோசித்தான்.

"ஆட்டாத" என்றான். "வேர் பிடிக்குது."

மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு ஒச்சப்பன் கூச்சத்தோடு கேட்டான்.

"அண்ணே, நாம பூக்குற வகையா, காய்க்கிற வகையா?"

தவசிக்கண்ணுவுக்குப் பதில் தெரியும். ஆனால் சற்று முன்புதான் ஒரு குருவி, வாயில் ஒரு துண்டு வைக்கோலோடு அவன் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. பேசினால் பறந்துவிடுமே என்று சும்மா நின்றான்.