வாசலில் தொங்கிய சீந்தில் வளையம்

முன்னொரு காலத்தில், மரத்துக்குக் கோபம் வந்தால் எழுந்து நடந்துவிடும் என்று பெரியவர்களே பயந்த காலத்தில், தேரிநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ஒரு பக்கம் சிவப்பு மணல், ஒரு பக்கம் கடல், நடுவே சவுக்குக் காடு. அந்தக் காட்டோரத்தில் விறகுவெட்டி சூசையும் அவன் மகள் மரியபுஷ்பமும் இருந்தார்கள். தாயில்லாப் பிள்ளை, பன்னிரண்டு வயசு. அப்பன்தான் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவான், கோணல்மாணலாக.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நட்சத்திர விளக்குக் கட்ட ஒரு கம்பு வேண்டும் என்று மகள் கேட்டாள். சூசை போய் ஒரே ஒரு கிளை வெட்டிவந்தான். நாடு முழுக்க மரம் கிடக்கிறது, இந்த மனுஷன் போயும் போயும் முள்ளுத்தாடி மந்திரவாதியின் தோப்பிலா கை வைக்க வேண்டும்? வைத்துவிட்டான். என்ன செய்ய!

முள்ளுத்தாடி வாசலுக்கே வந்துவிட்டான். மூன்று முறை ஊதினான். முதல் ஊதலில் சூசையின் கால் மணலுக்குள் இறங்கியது. இரண்டாம் ஊதலில் தோல் பட்டையாக வெடித்தது. மூன்றாம் ஊதலில், மகளைப் பார்த்து நீட்டிய கை கிளையாக நின்றுபோனது. புஷ்பம் கஞ்சிச் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். அழக்கூட வரவில்லை. பெற்ற அப்பன் கண்ணெதிரே சவுக்கு மரமாகிப் போனால் யாருக்குத்தான் வரும்?

அப்புறம் மந்திரவாதியின் காலில் விழுந்தாள், கெஞ்சினாள். முள்ளுத்தாடி தாடியைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அறுத்தாலும் சாகாத கொடியிலே ஒரு வளையம் செஞ்சு வாசல்ல மாட்டு. நாளைக்கு மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ளே அதைப் பார்த்து மூணு பேர் வாய்விட்டுச் சிரிக்கணும். சிரிச்சா உன் அப்பன் வருவான். மரம் யாருன்னு எவர்கிட்டயாவது சொன்னியோ, காலத்துக்கும் மரந்தான்."

இவ்வளவுதானா என்று புஷ்பத்துக்கு உயிர் வந்தது. துறைமுகத்துக்கு வந்த சீமைக் கப்பல் ஒன்றில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கதவுக்குக் கதவு பச்சை வளையம் மாட்டியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதன் கீழே நின்று மாலுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வைக்கவா பஞ்சம் என்று நினைத்துக் காட்டுக்கு ஓடினாள்.

வேப்பமரத்தில் படர்ந்த சீந்தில் கொடியை அறுத்தாள். அறுத்துக் காற்றில் தொங்கவிட்டாலும் சீந்தில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியும். மூன்று கொடியைச் சேர்த்து முறுக்கி, முறத்தளவு வளைத்து, முனையை உள்ளே செருகிப் பனை நாரால் இறுக்கினாள். அதற்குப் பச்சை வேண்டுமே என்று வாசல் மரத்தில் கை வைத்தவள், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். அது அப்பா. காற்றில் விழுந்த கிளைகளைத் தேடித் தேடிப் பொறுக்கி, எல்லா நுனியும் ஒரே பக்கம் சாய, ஒன்றின் காம்பை அடுத்தது மறைக்க, வரிசையாகக் கட்டினாள். வெடித்த குன்றிமணிக் காய்களைக் கொத்தாக வைத்தாள். சிவப்பு மணிகள் பச்சையில் பளிச்சென்று தெரிந்தன. விடிந்ததும் வாசலில் மாட்டிவிட்டு, யார் வந்து சிரிப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாவி வைத்த பொறி இங்கேதான் இருந்தது. தேரிநாட்டில் வளையம் என்றால் பிணத்துக்கு வைப்பது. வேறெதற்கும் வைக்கமாட்டார்கள். உயிரோடிருப்பவருக்கு மாலை, செத்தவருக்கு வளையம், அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகளைச் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் அங்கே கிடையாது. அதனால் புஷ்பத்துக்கு இது தெரியவே தெரியாது.

முதலில் வந்தவள் மீன்கார பாக்கியம். பண்டிகைக்கு ஒரு சீலா மீன் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். வளையத்தைப் பார்த்தாள். கூடை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், மாரில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். புஷ்பத்துக்குப் பகீரென்றது. சிரிங்க அத்தை, சிரிங்க என்று பதறிப்போய்க் கெஞ்சினாள். அப்பன் செத்த துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பாக்கியம் இன்னும் சத்தமாக அழுதாள்.

அழுகை கேட்டு, கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியார் வேதமுத்து ஓடிவந்தார். அவரும் வளையத்தைப் பார்த்தார். பண்டிகை நாளில் இப்படியா என்று அதிர்ந்துபோய், கண்ணை மூடி அடக்க ஜெபத்தையே ஆரம்பித்துவிட்டார். சூசையின் உடம்பு எங்கே என்று கேட்டார்கள். அப்பா சாகவில்லை என்றாள். பின்னே எங்கே என்றார்கள். அதற்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்? வாயைப் பொத்திக்கொண்டாள். கடல் கொண்டுபோய்விட்டது போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் பந்தல்கார இஸ்ரவேல். நல்லதுக்கும் பந்தல் போடுவான், கெட்டதுக்கும் போடுவான், அவன் சிரித்து ஒருத்தரும் பார்த்ததில்லை. வளையத்தைப் பார்த்தான். துஷ்டி வீட்டுக்குப் பந்தல் வேண்டும், பந்தலுக்குக் கால் வேண்டும், இதோ வாசலிலேயே நேராக ஒரு சவுக்கு நிற்கிறதே என்றான். இரக்கத்தில்தான் சொன்னான். தோளிலிருந்து கோடரியை இறக்கினான்.

ஐயோ, கேளுங்கள். அப்பனைக் காப்பாற்ற மாட்டிய வளையம், அப்பன் காலுக்கே கோடரியைக் கொண்டுவந்துவிட்டது. புஷ்பம் ஓடி வருவதற்குள் முதல் வெட்டு விழுந்துவிட்டது. காற்றே இல்லை, மரம் உச்சிவரை நடுங்கியது. வெட்டுவாயில் முத்து முத்தாக வேர்த்தது. இஸ்ரவேல் அதைக் கவனிக்காமல் மறுபடி ஓங்கினான்.

புஷ்பம் என்ன செய்தாள் தெரியுமா? வாசலில் தொங்கிய வளையத்தை வெடுக்கென்று இழுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மரத்தைக் கட்டிப்பிடித்தாள்.

ஓங்கிய கோடரி அந்தரத்தில் நின்றது. பாக்கியத்துக்கு அழுகை நின்றது. உபதேசியாருக்கு ஜெபம் நின்றது. பிணத்துக்குரியது பச்சைப்பிள்ளை கழுத்திலா?

"அதைக் கழற்று ஏளா, அது செத்தவங்களுக்கு உள்ளது" என்றாள் பாக்கியம்.

அப்போதுதான் புஷ்பத்துக்கு எல்லாம் விளங்கியது. எதற்காக அழுதார்கள், ஏன் ஜெபம், ஏன் பந்தல், எல்லாமே. ஆனாலும் மரத்தை விடவில்லை.

"அப்ப நான் செத்துட்டேனா அத்தை?" என்று கேட்டாள். "செத்தவளுக்கு எப்படி இப்படிப் பசிக்குது? நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடல. அழுது முடிச்சாச்சுன்னா அந்த மீனைக் குழம்பு வைங்க, பூனை தூக்கிட்டுப் போகுது."

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே பூனை சீலாவின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீரும் மூக்கில் சளியுமாக, வளையம் போட்ட பிள்ளையைப் பார்த்து அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று!

உபதேசியார் திகைத்துப்போய், பாதி ஜெபம் சொல்லிவிட்டேனே, மீதியை என்ன செய்வது என்று தன் பாட்டுக்கு முனகினார்.

"மூச்சைப் பிடிச்சு வச்சுக்கோங்க ஐயா" என்றாள் புஷ்பம். "மிச்சத்தை எண்பது வருஷம் கழிச்சு எனக்கு வந்து சொல்லுங்க."

உபதேசியாருக்கு அப்போதே வயசு எழுபது. கணக்குப் போட்டவர், அவள் கழுத்து வளையத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு!

இனி இஸ்ரவேல். மத்தியான மணிக்குக் கயிறு இழுக்கும் சத்தம் கோயிலிலிருந்து கேட்டுவிட்டது. புஷ்பம் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நாக்கைத் துருத்தினாள், கண்ணை உருட்டினாள், வளையத்தோடு மரத்தைச் சுற்றி ஆடிக்கூடப் பார்த்தாள். அவன் முகம் அப்படியே இருந்தது.

அப்போது கூரைமேல் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

அங்கே இருந்தது ஒரு காக்கை. வளையத்தைக் கழுத்தில் போட்டு ஆடும் பிள்ளையையும் இஸ்ரவேலின் உம்மென்ற மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்து, சிறகை அடித்துக்கொண்டு மனுஷக் குரலில் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க இறகு கொட்டியது. இறகுக்குள்ளிருந்து முள்ளு முள்ளாகத் தாடி வந்தது. வேடிக்கை பார்க்க வந்த மந்திரவாதி, தானும் ஓர் ஆள்தான் என்பதை மறந்தே போய்விட்டான்.

மூன்று!

மணி அடித்தது. மரப்பட்டை சடசடவென்று உரிந்து விழுந்தது. கணுக்காலில் ரத்தம் கசிய, சூசை மகளின் கைக்குள் நின்றான். புஷ்பம் அப்போதுதான் அழுதாள், நேற்றிலிருந்து வராத அழுகையெல்லாம் சேர்த்து. சூசை அவளை இறுக்கிக்கொண்டு, அவள் தலைக்கு மேலே இஸ்ரவேலை முறைத்தான்.

"ஏ இஸ்ரவேலு, பந்தல் போட உனக்கு வேற மரமே கிடைக்கலையாலே?"

இஸ்ரவேல் கோடரியைக் கீழே போட்டுவிட்டு, சூசையின் வெட்டுப்பட்ட காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தன் சிரிப்பாலேயே மந்திரம் தொலைந்த முள்ளுத்தாடி கூரையிலிருந்து உருண்டு விழுந்து காட்டுக்குள் ஓடினான். ஓடியவன் போன வேகத்தில் அலறிக்கொண்டு திரும்பினான். அவன் பின்னால் அவன் தோப்பே நடந்து வந்தது. ஆமாம், தோப்பேதான். வேரை மணலிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, வழியெல்லாம் பட்டை உதிர, முன்பு அவன் மரமாக்கிவைத்திருந்த ஆணும் பெண்ணுமாய் நாற்பது பேர் வந்தார்கள். ஒருவர் விடாமல் இவனைப் பிடிக்கத்தான் வந்தார்கள்.

அதற்குப்பிறகு இன்றுவரை தேரிநாட்டில் ஒரு சவுக்கை வெட்டுவதானால், கோடரியைக் கீழே வைத்துவிட்டு, பட்டையில் காதை ஒட்டி, நீங்கள் யார் என்று மூன்று முறை கேட்பார்கள். என் கதை இத்தோடு சரி, கேட்டவர்கள் எல்லாரும் சுகமாயிருங்கள்.